மேரி க்யூரியும் எங்கள் வீட்டு மீன்குழம்பும்

2025 ஆகஸ்டில் ஒரு நாள் இரவு, டெக்சாஸில் இருக்கும் அக்கா தொலைபேசியில் அழைத்தாள். என்னை அல்ல, எங்களோடு ஆறு மாதம் தங்கிப் போக எடிசனுக்கு வந்திருந்த அம்மாவை. உறைய வைத்த இறாலில் கதிரியக்கம் என்று செய்தியில் சொல்கிறார்கள், தன் வீட்டு ஃப்ரீஸரிலும் அதே மாதிரி ஒரு பை இருக்கிறது, போன வாரம் பிள்ளைக்கு அதிலிருந்துதான் பொரித்துக் கொடுத்தேன் என்று அழுதிருக்கிறாள். அம்மா பேசி முடித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, அப்பாவுக்கு வந்ததும் இதனால்தானா என்று என்னிடம் கேட்டாள்.

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில், மணவாளக்குறிச்சிக்குப் பக்கம். 1909 இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் மோனசைட் தாது இருப்பதைக் கண்டுகொண்ட அதே மணல். தோரியம் உள்ள மணல். அதன்மேல்தான் நடந்து வளர்ந்தோம், அந்தக் கடலின் சாளையையும் நெத்திலியையும் சிப்பியையும்தான் தின்றோம். அப்பா புற்றுநோயில் போனபோது, மணல்தான் காரணம் என்று சொந்தக்காரர்களில் ஒரு கட்சி, எல்லாம் தலைவிதி என்று இன்னொரு கட்சி. அம்மா அப்போது எந்தக் கட்சியிலும் சேரவில்லை. பத்தாண்டுகளுக்கு மேல் மனதில் வைத்திருந்த கேள்வியை ஓர் இறால் பை வெளியே கொண்டுவந்துவிட்டது.

எனக்கு உடனே பதில் தெரியவில்லை. மின்னியலில் முதுகலைப் பட்டம், பிழைப்பு மென்பொருள். கதிரியக்கத்தில் எனக்குத் தெரிந்தது கல்லூரி முதலாண்டு இயற்பியலோடு சரி. வாரக் கடைசிகளில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். மீன், இறால், சிப்பி ஆகியவற்றிலிருந்து உடம்புக்கு இயற்கையாகவே கிடைக்கும் கதிர்வீச்சில் முதலிடம் எதற்கு என்று தேடியபோது பொலோனியம் என்று வந்தது. பொலோனியம் என்று தேடினால் மேரி க்யூரி வந்து நின்றார். பள்ளிப் பாடத்தில் கறுப்பு உடையில், உதட்டை இறுக்கிக்கொண்டு நின்ற அந்தப் பெண்மணியை அதுவரை நான் சரியாக அறிந்திருக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

1867 நவம்பர் 7 அன்று வார்ஸாவில் பிறந்தபோது அவர் பெயர் மரியா ஸ்க்லோடோவ்ஸ்கா. அந்நாளில் உலக வரைபடத்தில் போலந்து என்று ஒரு நாடு இல்லை. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று அரசுகளும் அதைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. வார்ஸா ரஷ்யர்களின் கையில். பள்ளியில் போலிஷ் மொழியில் பாடம் நடத்தக் கூடாது, போலந்து வரலாறு பேசக் கூடாது. தந்தை கணிதமும் இயற்பியலும் கற்பித்த ஆசிரியர். தாய் காசநோயில் இறந்தபோது மரியாவுக்குப் பத்து வயது. மூத்த அக்காவை அதற்கு முன்பே டைஃபஸ் காய்ச்சல் கொண்டுபோயிருந்தது. புலம்பெயர்ந்த தமிழர்களுக்கு, அதிலும் ஈழத்திலிருந்து வந்தவர்களுக்கு, சொந்த மொழியை மறைத்துப் படிக்க நேர்ந்த அந்தச் சிறுமியைப் புரிந்துகொள்வது கடினமல்ல.

1883 இல் தங்கப் பதக்கத்தோடு பள்ளி முடித்தார். வார்ஸா பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. போலீசுக்குத் தெரியாமல் வீடு வீடாக இடம் மாற்றி நடந்த ரகசிய வகுப்புகளில் படித்தார். அக்கா ப்ரோனியாவோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். முதலில் அக்கா பாரிஸ் போய் மருத்துவம் படிப்பது, அதற்கு இவர் சம்பாதித்துப் பணம் அனுப்புவது, பிறகு அக்கா இவரை அழைத்துக்கொள்வது. அதன்படி கிராமத்துப் பணக்கார வீடொன்றில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் வேலைக்குப் போனார். அந்த வீட்டு மூத்த மகனோடு காதல் வந்தது. வேலைக்கு வந்த ஏழைப் பெண் மருமகளாக முடியாது என்று பெற்றோர் தடுத்துவிட்டார்கள். அவமானத்தை விழுங்கிக்கொண்டு, அக்காவுக்குப் பணம் அனுப்ப வேண்டுமே என்பதற்காக அதே வீட்டில் தொடர்ந்து வேலை பார்த்தார். ஒருவர் சம்பாதித்து மற்றவரைக் கடல் தாண்டிப் படிக்க அனுப்பும் கதை நம் வீடுகளிலும் உண்டு. என் முதல் செமஸ்டர் கட்டணம் அக்காவின் சம்பளத்தில் கட்டியதுதான்.

1891 இல் பாரிஸ் வந்தார். மாடியறையில் குளிரில் நடுங்கிப் படித்து, 1893 இல் இயற்பியலில் முதலிடத்திலும், 1894 இல் கணிதத்தில் இரண்டாமிடத்திலும் தேறினார். அந்த ஆண்டுதான் பியர் க்யூரியைச் சந்தித்தார். 1895 ஜூலையில் திருமணம். பரிசாக வந்த பணத்தில் இருவரும் சைக்கிள் வாங்கி, தேனிலவுக்கு அதிலேயே ஊர் சுற்றினார்கள். 1897 இல் ஐரீன் பிறந்தாள்.

யுரேனியம் கண்ணுக்குத் தெரியாத ஏதோ கதிரை வெளிவிடுகிறது என்று 1896 இல் பெக்கரல் கண்டிருந்தார். அதை அதிகம் பேர் சட்டை செய்யவில்லை. மேரி அதையே முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். பியரும் அவர் அண்ணனும் உருவாக்கிய நுட்பமான மின்மானி ஒன்று கையில் இருந்தது. கதிர் பட்ட காற்றில் எவ்வளவு மின்சாரம் கசிகிறது என்று அதைக் கொண்டு அளக்கலாம். கிடைத்த கனிமங்களையெல்லாம் அளந்தார். பிட்ச்பிளெண்ட் என்ற கறுப்புத் தாதுவில், அதிலுள்ள யுரேனியத்துக்குக் கணக்குப்படி வரவேண்டியதைவிட மிக அதிகமாகக் கதிர் வந்தது. கருவி பழுதோ என்று திரும்பத் திரும்ப அளந்தார். பழுதில்லை. அப்படியானால் அதற்குள் இன்னும் பெயரிடப்படாத எதுவோ ஒளிந்திருக்க வேண்டும். மென்பொருளில் பிழை தேடுகிறவர்களுக்கு இந்த இடம் பிடிக்கும். கணக்கு இடிக்கும்போது அதை ஒதுக்கித் தள்ளாமல், இடிப்பதையே பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

1898 ஜூலையில் கணவனும் மனைவியும் புதிய தனிமம் ஒன்றை அறிவித்தார்கள். வரைபடத்தில் இல்லாத தன் நாட்டின் பெயரை மேரி அதற்கு வைத்தார். பொலோனியம். கதிரியக்கம் என்ற சொல்லே அந்த அறிக்கையில்தான் முதலில் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ரேடியம். ரேடியத்துக்கு நிறமாலையில் புதிய கோடு கிடைத்தது. பொலோனியத்துக்குக் கிடைக்கவில்லை. அதற்குக் காரணம் பின்னால் தெரிந்தது: அதன் அரைவாழ்வு 138 நாட்கள்தான். பிரித்து வைத்ததில் பாதி ஐந்து மாதத்துக்குள் ஈயமாக மாறிவிடும். ரேடியத்துக்கோ 1600 ஆண்டுகள். உலகம் ரேடியத்தின் பின்னால் ஓடியது. நாட்டின் பெயரைச் சுமந்த தனிமம் பின்வரிசைக்குப் போய்விட்டது. 1902 இல் பெர்லினில் மார்க்வால்ட் என்பவர் தான் ஒரு புதிய பொருளைக் கண்டதாகச் சொல்லி வேறு பெயர் வைத்தபோது, மேரி விட்டுக்கொடுக்கவில்லை. மாதக்கணக்கில் அளந்து, இரண்டும் ஒரே வேகத்தில் தேய்கின்றன, அதனால் இரண்டும் ஒன்றே என்று நிரூபித்தார். 1906 இல் மார்க்வால்ட் ஒப்புக்கொண்டார்.

அதற்குள் வாழ்க்கை எங்கோ போய்விட்டிருந்தது. மழை ஒழுகும் கொட்டகையில் தாதுவைக் கொப்பரையில் காய்ச்சி, தன் உயரத்துக்கு இருந்த இரும்புக் கம்பியால் கிளறி, 1902 இல் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடு எடுத்தார். பிரித்தெடுக்கும் முறைக்கு இருவரும் காப்புரிமை வாங்கவில்லை. 1903 இல் பெக்கரலோடு சேர்த்து நோபல் பரிசு. 1904 இல் இரண்டாவது மகள் ஈவ். 1906 ஏப்ரல் 19 அன்று மழை பெய்துகொண்டிருந்த பாரிஸ் தெருவில் பியர் குதிரை வண்டியின் சக்கரத்தில் விழுந்து இறந்தார். அந்த நவம்பரில், கணவர் பாடத்தை விட்ட இடத்திலிருந்து மேரி சொர்போனில் வகுப்பைத் தொடர்ந்தார். அங்கே பாடம் நடத்திய முதல் பெண் பேராசிரியர் அவர்தான். 1911 இல் பிரெஞ்சு அறிவியல் கழகம் சில வாக்குகளில் அவரைத் தோற்கடித்தது. அதே ஆண்டு இயற்பியலாளர் லாங்ஜவானோடு இருந்த உறவைப் பத்திரிகைகள் சந்திக்கு இழுத்தன. அன்னியப் பெண் என்று ஏசிக் கூட்டம் வீட்டு முன் கூடியது. அந்தச் சூட்டிலேயே இரண்டாவது நோபல் வந்தது, இம்முறை வேதியியலுக்கு. பரிசு வாங்க வரவேண்டாம் என்று ஸ்வீடனிலிருந்து சொல்லிப் பார்த்தார்கள். போய் வாங்கிவிட்டுத்தான் வந்தார். முதல் உலகப் போரில் வண்டிகளில் எக்ஸ்ரே கருவிகளை ஏற்றிக்கொண்டு போர்முனைக்குப் போனார். பதினேழு வயது ஐரீனும் கூடவே போனாள்.

1918 இல் போலந்து மறுபடி ஒரு நாடானது. தனிமத்துக்குப் பெயர் வைத்து இருபது ஆண்டுகள் கழித்து.

1921 இல் அமெரிக்கா வந்தார். ரேடியத்தைக் கண்டுபிடித்தவரிடம் ஆய்வுக்கு ஒரு கிராம்கூடத் தாராளமாக இல்லை என்று கேள்விப்பட்ட மிஸ்ஸி மெலனி என்ற பத்திரிகையாசிரியர், அமெரிக்கப் பெண்களிடம் ஒரு லட்சம் டாலர் திரட்டியிருந்தார். மே 20 அன்று வெள்ளை மாளிகையில் குடியரசுத் தலைவர் ஹார்டிங் அந்த ஒரு கிராமை வழங்கினார். அது தனக்கல்ல, ஆய்வுக்கூடத்துக்கே சொந்தம் என்று முதல் நாளே பத்திரத்தை மாற்றி எழுத வைத்தார் மேரி. கைகுலுக்கிக் குலுக்கிக் கை வீங்கி, தூளி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்.

அவர் அப்படிப் போய்க்கொண்டிருந்த அதே மாதங்களில், நான் இருக்கும் எடிசனிலிருந்து முக்கால் மணி நேரத் தூரத்தில், ஆரஞ்சு என்ற ஊரில், இளம்பெண்கள் கடிகார முகப்புகளுக்கு ரேடியம் கலந்த வண்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். எண்கள் இருட்டில் ஒளிரும். தூரிகை முனை கூராக இருக்க அதை உதட்டில் வைத்து நீவச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு நீவலிலும் கொஞ்சம் ரேடியம் வயிற்றுக்குள். உடம்புக்கு ரேடியமும் கால்சியமும் ஒன்றுதான், இரண்டையும் எலும்பில் கொண்டுபோய்ச் சேர்க்கும். தாடை அழுகியது, எலும்பு முறிந்தது, ஒவ்வொருவராகச் செத்தார்கள். 1925 இல் அந்த வட்டார மருத்துவ அதிகாரி ஹாரிசன் மார்ட்லண்ட் காரணத்தை நிறுவினார். கிரேஸ் ஃப்ரையரும் தோழிகள் நால்வரும் வழக்குத் தொடுத்து 1928 ஜூனில் நஷ்டஈடு பெற்றார்கள். இன்னும் பக்கத்தில், ஈஸ்ட் ஆரஞ்சில், ரேடியம் கலந்த தண்ணீரைப் புட்டியில் அடைத்து டானிக்காக விற்றார்கள். எபன் பயர்ஸ் என்ற கோல்ஃப் வீரர் அதை ஆயிரத்துக்கு மேற்பட்ட புட்டிகள் குடித்து 1932 இல் இறந்தார்.

1928 இல் அந்தப் பெண்களைப் பற்றிப் பத்திரிகைக்காரர்கள் மேரியிடம் கேட்டார்கள். உதவ ஆசைதான், ஆனால் உடம்புக்குள் போய்விட்ட ரேடியத்தை அழிக்க வழி கிடையாது என்ற பொருளில் பதில் சொன்னார். இரத்தசோகைக்குக் கன்றின் ஈரலைச் சாப்பிடச் சொன்னார். அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது உண்மை. அவரே அப்போது இரத்தம் கெட்டு, கண்புரைக்கு ரகசியமாக அறுவை சிகிச்சைகள் செய்துகொண்டு, விரல்நுனிகள் வெந்து இறுகி இருந்தார். கூடத்தில் வேலை செய்பவர்கள் இடுக்கி பிடிக்க வேண்டும், இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று விதி போட்டார். தனக்கென்று வரும்போது விதியைத் தளர்த்திக்கொண்டார். ஜப்பானிலிருந்து வந்து ஐரீனோடு பொலோனியத்தில் வேலை செய்த யமாடா என்ற இளைஞர் நாடு திரும்பி 1927 இல் இறந்தார். உலகத்தில் எதைக் கொடுத்தாலும் துல்லியமாக அளக்கத் தெரிந்தவர், தன் உடம்பு எவ்வளவு வாங்கியிருக்கிறது என்பதை மட்டும் அளக்கவில்லை. அவ்வளவு பாடுபட்டுப் பெற்ற பிள்ளையைக் கொலைகாரி என்று எந்தத் தாய்க்குச் சொல்ல வாய் வரும்?

1934 ஜனவரியில் ஐரீனும் அவள் கணவர் ஃபிரெடெரிக்கும் பொலோனியத்தின் கதிரை அலுமினியத்தின்மேல் செலுத்தி, செயற்கைக் கதிரியக்கத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்தச் சிறு குழாயை மேரியின் கையில் கொடுத்தார்கள். தன் முதல் தனிமத்துக்கு வந்த அந்தப் பெருமையைப் பார்த்துவிட்டு, ஜூலை 4 அன்று, எலும்பு மஜ்ஜை இரத்தம் ஊற மறுத்த நிலையில் இறந்தார். அவருடைய குறிப்பேடுகள் இன்றும் கதிரியக்கம் உள்ளவை. 1995 இல் பாந்தியோனுக்கு மாற்றுவதற்காக உடலைத் தோண்டி எடுத்தபோது, எதிர்பார்த்த அளவு ரேடியம் உள்ளே இல்லை. போர்க்கால எக்ஸ்ரேதான் கூடுதல் காரணமாக இருக்கலாம் என்று சோதித்தவர்கள் கருதினார்கள். இவ்வளவு தெரிந்த ஓர் உடம்புக்கே காரணத்தைத் தீர்த்துச் சொல்ல முடியவில்லை.

சரி, மீனுக்கு வருவோம். மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் சிதைந்து ரேடியமாகி, ரேடியம் ரேடான் வாயுவாகிக் காற்றில் கலக்கிறது. ரேடான் சில நாட்களில் சிதைகிறது. அதன் வழிவந்த ஈயம்-210 மழையோடு கடலில் இறங்குகிறது. அதிலிருந்து பிறப்பது பொலோனியம்-210, மேரி பிட்ச்பிளெண்டில் கண்ட அதே பொருள். அது புரதத்தில் ஒட்டும் குணமுள்ளது. மிதவை உயிரிகள் அதைப் பிடித்துக்கொள்ள, அவற்றைத் தின்னும் இறால், சிப்பி, நெத்திலி ஆகியவற்றின் குடலிலும் ஈரலிலும் சேர்கிறது. மனிதன் தோன்றுவதற்கு முன்பிருந்தே இது நடக்கிறது. எங்கள் ஊர் மணலுக்கு இதில் பெரிய பங்கில்லை என்பதையும் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். மணலில் மிகுந்திருப்பது தோரியம், அந்த வரிசையில் பொலோனியம்-210 பிறப்பதில்லை.

அக்காவுக்காக ஒரு கணக்குப் போட்டேன். ஹூஸ்டன் உட்பட நான்கு துறைமுகங்களில் கொள்கலன்களில் சீசியம்-137 தென்பட்டது. சோதித்த ஓர் இறால் மாதிரியில் கிலோவுக்குச் சுமார் 68 பெக்கரல். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தலையிட வேண்டிய அளவாக வைத்திருப்பது 1200. அந்த 68 பெக்கரல் இறாலை ஒரு பெரியவர் ஒரு கிலோ தின்றால் உடம்புக்குக் கிடைப்பது ஏறத்தாழ 0.9 மைக்ரோசீவர்ட். மீனுணவில் இயற்கையாக உள்ள பொலோனியத்துக்கு ஐ.நா. அறிவியல் குழு எடுத்துக்கொள்ளும் பொது அளவு கிலோவுக்கு 2 பெக்கரல்தான். ஆனால் பொலோனியத்தின் ஆல்ஃபா கதிர் வலியது, ஒரு பெக்கரலுக்கு 1.2 மைக்ரோசீவர்ட். ஆக, எந்த விபத்தும் நடக்காத நல்ல மீனிலேயே கிலோவுக்கு 2.4. சிப்பியில் இதைவிடப் பலமடங்கு இருக்கும். இயற்கையிலிருந்து ஒரு மனிதன் வாங்கும் சராசரிக் கதிர்வீச்சு ஆண்டுக்கு 2400 மைக்ரோசீவர்ட், அதாவது நாளொன்றுக்கு ஆறரை. இதில் உணவின் பங்கு ஆண்டுக்குச் சுமார் 290. 2006 இல் லண்டனில் லிட்வினென்கோவைக் கொன்றதும் இதே பொலோனியம்தான், ஆனால் அங்கே அளவு நூறு கோடிக்கணக்கான பெக்கரல்.

அதற்காக அந்தப் பையைத் திருப்பி வாங்கச் சொன்னது தவறு என்று சொல்லமாட்டேன். பொலோனியம் கடலின் சொத்து. சீசியம்-137 அங்கே இருக்க வேண்டியதல்ல, மனிதன் உண்டாக்கியது. அது உணவில் தென்பட்டால் எங்கோ ஒரு கதவு திறந்து கிடக்கிறது என்று பொருள். இந்தோனேசியாவில் ஒரு தொழிற்பேட்டை வரை அதைத் தேடிப் போனார்கள். போகத்தான் வேண்டும். ஆரஞ்சு ஊரில் யாரும் தேடாமல் விட்டதன் விலை நமக்குத் தெரியும்.

அக்காவிடம் பையைத் தூக்கி எறிந்துவிடு, அழுகையையும் அதோடு சேர்த்து எறிந்துவிடு, பிள்ளைக்கு அந்த ஒரு வேளையால் ஒன்றும் ஆகாது என்று கணக்கோடு சொன்னேன். அவள் கணக்கைக் கேட்கவில்லை, என் குரலைத்தான் கேட்டாள் என்று நினைக்கிறேன். எப்படியோ அமைதியானாள்.

அம்மாவுக்குப் பதில் சொல்வதுதான் கடினமாக இருந்தது. கேரளத்தில் கருநாகப்பள்ளி மணலில் வாழும் மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2009 இல் வெளியான ஆய்வு, கூடுதல் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்றது. அதை அம்மாவிடம் சொன்னேன். ஆனால் அது ஊருக்கான கணக்கு, அப்பா ஒருவருக்கான கணக்கு அல்ல என்பதையும் சொன்னேன். ஒரு மனிதருக்கு ஏன் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, நீ சமைத்துப் போட்ட மீனால் வந்தது என்று சொல்லவும் எந்த ஆதாரமும் இல்லை என்றேன். அம்மா பயந்தது மணலைப் பற்றியல்ல, நாற்பது வருடம் தான் சமைத்த குழம்பைப் பற்றித்தான் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அடுத்த சனிக்கிழமை அம்மா வழக்கம்போல இறாலின் தலையைக் கிள்ளி, குடல் நரம்பை உருவிப் போட்டாள். பொலோனியத்தில் பெரும்பங்கு அந்தத் தலைக்குள் இருக்கும் சுரப்பியில்தான் என்று சொன்னேன். அதைத்தானே எங்கம்மா காலத்திலிருந்து தூக்கி எறிகிறோம் என்றபடி தேங்காய் துருவப் போய்விட்டாள்.